வெட்டிய மரம் துளிர்ப்பது எப்படி?

மூணாற்றை அடுத்த சித்திரபுரத்தின் தேயிலைச் சரிவுகளை அறிந்த நேயர்களுக்குக் கவாத்து என்னும் சொல் புதிதன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியின் தலையைச் சீவி, வெறுங் கொம்புகளாக நிறுத்திவிடுவார்கள். பார்க்கப் பரிதாபமாயிருக்கும். வாரங்கள் சில சென்றதும் அக்கொம்புகளில் துளிர் பொடிக்கும். பின்னர்க் கொழுந்து வரும். அங்கே தலைமுறைகளாகக் கவாத்துக் கத்தி பிடித்தவர்களில் நம் தமிழ் மக்கள் பலர்.

இவ்வித்தை பழமரத்திற்கும் பலிக்குமா? வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இது வெறும் ஆராய்ச்சி வினா அன்று. "தோட்டத்து மா காய்ப்பதில்லை, வெட்டி விற்றுவிடலாமா?" என்று ஊரிலிருந்து கேட்பார்கள். தந்தையார் நட்ட மரத்திற்கு நாம் தொலைவிலிருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெட்டுவாயிலிருந்தே துளிர் புதிதாய்ப் பிறப்பதாக நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அப்படியன்று. பட்டையினுள் மொட்டுகள் முன்னமே உறங்குகின்றன. நுனிக் குருத்தில் தோன்றிக் கீழிறங்கும் ஆக்ஸின் என்ற இயக்குநீர் அவற்றைத் தலையெடுக்க விடுவதில்லை. மொழிபெயர்ப்பே தொழிலாகிய நமக்கு இச்சொல்லில் ஒரு மனக்குறை உண்டு: இங்கே அது இயக்குவதை விடத் தடுப்பதே மிகுதி. நுனி போனால் தடை தளரும். சைட்டோகைனின் என்ற மற்றோர் இயக்குநீர் மொட்டை எழுப்பும். 2014-ல் வெளிவந்த பட்டாணிச் செடி ஆய்வொன்று, நுனிக்குச் சென்றுகொண்டிருந்த சர்க்கரை மொட்டுக்குத் திரும்புவதே முதல் அழைப்பு என்று காட்டியது. கவாத்துக்கு முன் தேயிலை வேரை நறுக்கி, அயோடின் இட்டு மாவுச்சத்தைச் சோதிக்கும் வழக்கத்தின் பொருள் இதனால் நன்கு விளங்குகிறது. சேமிப்பற்ற செடியை வெட்டினால் அது பட்டுப்போகும்.

மரபணுவுக்கும் இதில் பங்குண்டு. மக்காச்சோளத்தின் காட்டு மூதாதை புதராய்க் கிளைக்கும். பயிராகிய சோளமோ ஒற்றைத் தண்டாய் நிற்கும். மொட்டைப் பூட்டிவைக்கும் ஒரு மரபணுவே இவ்வேறுபாட்டிற்குப் பெருங் காரணம். அதன் உறவினங்கள் ஆப்பிள் போன்ற பழமரங்களிலும் உள்ளன.

மொட்டே இல்லாத திசுவில் துளிரை வரவழைப்பது வேறு கதை. 1957-ல் ஸ்கூக், மில்லர் என்னும் இருவர் புகையிலைத் திசுவைக் கொண்டு இதனை விளக்கினர். சைட்டோகைனின் மிகுந்தால் துளிர் தோன்றும். ஆக்ஸின் மிகுந்தால் வேர் தோன்றும். மா இதற்கு எளிதில் இணங்குவதில்லை. சோதனைக் குழாயில் அதன் திசு கறுத்துவிடுகிறது.

ஆகவே முதிய மாவுக்கு ஆய்வகத்தை விட வாளே உற்ற துணை. லக்னோவை அடுத்த ரஹ்மான்கேராவில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இம்முறையை வகுத்துப் பரப்பியுள்ளது. டிசம்பரில் கிளைகளைச் சுமார் 4 மீட்டர் உயரத்தில் அறுத்து, வெட்டுவாயில் தாமிரப் பசை பூசுவார்கள். துளிர்கள் கும்பலாய் எழும்போது நல்லன சிலவற்றை நிறுத்தி, மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும். பலர் மனம் வராமல் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். விட்டால் மரம் மீண்டும் புதராகிறது. ஒழுங்காய்ச் செய்தால் மூன்றாம் ஆண்டளவில் காய்ப்பு திரும்பும். டிசம்பர் என்பது வடநாட்டுப் பருவம். நம் ஊருக்கு ஏற்ற காலத்தை அங்குள்ள தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டறிவதே முறை.

ஊருக்குச் செய்தி சொல்லும்போது, எங்கே வெட்டுவது என்பதையும் தெளிவாய்ச் சொல்லிவிடுவோம். ஒட்டுமரத்தை ஒட்டுக்குக் கீழே அறுத்தால், எழும் துளிர் அடிக்கன்றினுடையது; தந்தையார் தேடி வாங்கிய ஜாதி அதில் திரும்பி வராது.