பொதியின் பின்பக்கத்தையும் வாசிப்போம்

(நூற்றாண்டு நிகழ்வில் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



இந்தப் பாடசாலையில்தான் நாம் வாசிக்கக் கற்றோம். செய்யுளை வாசித்தோம், தேசப்படத்தை வாசித்தோம், வெப்பமானியையும் வாசித்தோம். கடையில் வாங்கும் பொதியின் பின்பக்கத்தை வாசிக்க மட்டும் எவரும் எமக்குக் கற்பிக்கவில்லை. அன்று அதற்குத் தேவையும் குறைவு. இடைவேளைக்குக் கச்சானும் கடலையும் கடதாசிச் சுருளில் வந்தன. இன்று பிள்ளைகளின் கையில் இருப்பவை பளபளக்கும் பொதிகள். ஆகவே நூற்றாண்டுப் பணிகளுள் ஒன்றாகத் தரம் 8 மாணவிகளுக்குச் சில வகுப்புகள் நடத்தினோம்.

வெற்றுப் பொதிகளையும் போத்தல்களையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னோம். முதலில் காலாவதித் திகதியைத் தேடினோம். அடுத்துச் சேர்மானங்களைப் பார்த்தோம். நிறையில் கூடியது முதலாவதாகவும் குறைந்தது கடைசியாகவும் எழுதப்படும் என்று விளக்கினோம். பழத்தின் படம் பெரிதாகப் போட்ட ஒரு பானத்தில் தண்ணீருக்கு அடுத்ததாகச் சீனி இருந்தது. பழச்சாறு அதற்கும் பின்னால். சுக்குரோஸ், குளுக்கோஸ் சிரப் என்ற பெயர்களிலும் சீனி வரும் என்று காட்டினோம். கச்சான் ஒவ்வாத பிள்ளைக்கு இந்தச் சிறிய எழுத்துகள் உயிர் காப்பவை என்பதையும் சொன்னோம்.

பிறகு கணக்கு. ஒரு போத்தலில் 100 மில்லிலீற்றருக்கு 12 கிராம் சீனி என்றிருந்தது. போத்தலின் கொள்ளளவு 400 மில்லிலீற்றர். ஆகவே 48 கிராம். ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 4 கிராம் என்றால் 12 தேக்கரண்டி. மாணவி ஒருத்தி அதை அளந்து வெள்ளைத் தாளில் கொட்டினாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. வளர்ந்த ஒருவருக்கே நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள், அதாவது 6 தேக்கரண்டிக்குள், நிறுத்துவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை.

இலங்கையில் 2016 ஓகஸ்ட் முதல் இனிப்புப் பானங்களுக்கு நிறக் குறியீடு நடைமுறைக்கு வந்தது. அப்போது வகுத்த அளவின்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. ஆனால் 10 கிராம் உள்ள பானத்துக்கும் செம்மஞ்சள்தான். அதே அளவு போத்தலைக் குடித்து முடித்தால் 10 தேக்கரண்டி சீனி உள்ளே போய்விடும். நிறத்தோடு நின்றுவிடாமல் எண்ணையும் பாருங்கள் என்றோம். சோடியம் என்று போட்டிருந்தால் 2.5 ஆல் பெருக்கி உப்பின் அளவைக் காணவும் பழக்கினோம்.

கடைசி வகுப்பில் ஒரு மாணவி எழுந்தாள். “அன்ரி, மெய்வல்லுநர் போட்டியிலே நீங்கள் எங்களுக்குத் தந்த பானமும் சிவப்புத்தானே?” என்று கேட்டாள். குறும்பாக அல்ல, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள்.

எம்மிடம் பதில் இருக்கவில்லை. ஓடிக் களைத்து வந்த பிள்ளைகளுக்குப் பெட்டி பெட்டியாக அதைக் கொடுத்தவர்கள் நாம்தான். வாங்கும்போது எம்மில் ஒருவரும் போத்தலைத் திருப்பிப் பார்க்கவில்லை. மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்தோம். வீட்டில் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் எம்மிடையே இருக்கிறோம்.

அந்தக் கேள்வியைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோனோம். செலவு கூடும், தயாரிக்க ஆட்கள் வேண்டும் என்ற வாதங்கள் எழுந்தன. அவை நியாயமானவையே. ஆயினும் இனிமேல் சங்கம் நடத்தும் எந்த நிகழ்விலும் மோர், இளநீர், குடிநீர் ஆகியவற்றையே வழங்குவது என்று முடிவு செய்தோம். இன்று வாசலில் உங்களுக்குக் கிடைத்த மோர் அந்த முடிவின்படி வந்தது. அதிகாலையில் சங்கத்து அக்காமார் கலக்கியது.

சகோதரிகளே, பிள்ளைக்கு வாசிக்கக் கற்பித்தால் அவள் முதலில் எம்மைத்தான் வாசிப்பாள். பெற்றோரும் சிற்றுண்டிச்சாலையும் சங்கமும் மாறாமல் அவளுக்கு மட்டும் பாடம் நடத்துவதில் பயனில்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது உங்கள் பிள்ளையிடம் பொதியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவள் வேண்டாம் என்று சொன்னால், அதைத் திரும்ப வைத்துவிட்டு வாருங்கள்.