பிள்ளையைக் கோவிலில் விட்டுச் செல்லும் தாய்



கோவில்பட்டி கரிசல் வட்டாரத்துப் பங்குகளில் மாலை வேளையில் நாம் அன்றாடம் காணும் காட்சி ஒன்று உண்டு. பள்ளி விட்டதும் பிள்ளைகள் புத்தகப் பையோடு நேராகக் கோவில் வளாகத்துக்கு வருகிறார்கள். சிலருக்கு மாலை வகுப்பு, சிலருக்குப் பாடகர் குழு, சிலருக்குப் பீடச் சிறுவர் பயிற்சி. அவர்களுடைய தாய்மார் தீப்பெட்டி ஆபீசிலோ, கடலைமிட்டாய்க் கம்பெனியிலோ, உளுந்துக் காட்டிலோ வேலை முடித்து வர இருட்டிவிடும். அதுவரை பிள்ளை எங்கே என்று கேட்டால், “கோவில்லதான் இருக்கான்” என்று அந்தத் தாய் நிம்மதியாகச் சொல்கிறார். அந்த நிம்மதிக்கு நாம் தகுதியுள்ளவர்களாக இருக்கிறோமா என்பதே இன்றைய சிந்தனை.

சாமுவேலின் தாய் அன்னாவும் இப்படித்தான் தம் மகனைச் சீலோவில் ஆண்டவரின் இல்லத்தில் விட்டுச் சென்றார். அந்த இல்லத்தில் குரு ஏலியின் மைந்தர்கள் ஒப்னியும் பினகாசும் பணிசெய்தார்கள். அவர்கள் காணிக்கையைக் களவாடினார்கள். கூடார வாயிலில் பணிசெய்த பெண்களிடம் தவறாக நடந்தார்கள். ஏலிக்கு இது தெரியாமல் இல்லை. கூப்பிட்டுக் கண்டித்தார், ஆனால் பொறுப்பிலிருந்து விலக்கவில்லை. ஆண்டவர் அவர்மேல் வைத்த குற்றம் இதுதான்: அறிந்திருந்தும் தடுக்கவில்லை.

சென்ற ஆண்டு கோடை விடுமுறை விவிலிய வகுப்புக்குத் தொண்டர்களைச் சேர்த்தபோது ஒரு படிவம் கொடுத்தோம். முன்பு எங்கே பணி செய்தீர்கள், உங்களை அறிந்த இருவர் யார், காவல்துறை நன்னடத்தைச் சான்று உண்டா என்று கேட்டிருந்தோம். இருபது ஆண்டுகளாக மறைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “சாமி, எங்க மேலேயே சந்தேகமா?” என்று கேட்டார். அவருடைய வேதனை நமக்குப் புரிந்தது. முதல் படிவம் பங்குத்தந்தையின் பெயரில் நிரப்பப்பட்டிருந்ததைக் காட்டினோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினார்.

கடலைமிட்டாய் செய்கிறவர் வறுத்த கடலையைப் புடைத்து, சொத்தையைப் பொறுக்கிய பிறகே பாகில் போடுவார். கடலை விற்றவரை அவர் சந்தேகிப்பதில்லை. தின்னப்போகும் குழந்தையை நினைக்கிறார். திருத்தூதர் பவுலும் திருத்தொண்டர்கள் முதலில் சோதித்து அறியப்பட வேண்டும், பிறகே பணியாற்ற வேண்டும் என்று திமொத்தேயுவுக்கு அறிவுறுத்துகிறார்.

நாட்டின் சட்டமும் இதையே கேட்கிறது. போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. 18 வயது நிறையாத அனைவரும் அதன்படி குழந்தைகளே. 2020-இல் வெளியான அதன் விதிகள், பிள்ளைகளோடு பழகும் நிறுவனங்கள் தம் பணியாளர்களைக் காவல்துறை வழியாகச் சரிபார்க்கவும், அவர்களுக்கு அவ்வப்போது பயிற்சி அளிக்கவும் சொல்கின்றன. ‘நம் தொண்டர்கள் சம்பளம் வாங்குவதில்லையே’ என்று நாம் ஒதுங்க முடியாது. காயப்பட்ட பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

“இதெல்லாம் வெளிநாட்டுத் திருச்சபையின் பிரச்சினை” என்று சிலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் பணியாற்றச் சென்ற ஒரு குரு, அங்கே ஓர் இளம்பெண்ணிடம் செய்த குற்றத்தை 2015-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இதைச் சொல்ல நமக்கு வெட்கமாகவே இருக்கிறது. ஆனால் மறைப்பதால் நோய் ஆறாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் வெளியிட்ட திருமடலில், இத்தகைய குற்றத்தை அறிய வரும் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளிடம் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று ஆணையிட்டார். ஆயர்களையும் அந்த விசாரணைக்கு உட்படுத்தினார்.

சான்றிதழ் வாங்கிவிட்டால் கடமை முடிந்ததா? முடியவில்லை. ஏற்கெனவே வழக்குப் பதிவானவரை மட்டுமே அது காட்டும். தீங்கு செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பிள்ளைக்கு நன்கு தெரிந்தவர்கள். வீட்டாரின் அன்பையும் பெற்றவர்கள். ஆகவே பழக்கங்களையும் மாற்ற வேண்டியிருக்கிறது. பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். வகுப்பறைக் கதவு திறந்திருக்க வேண்டும். திருப்பொருள் அறையிலும் பங்கு இல்லத்திலும் எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவரோடு தனித்திருக்கக் கூடாது. தொண்டர் ஒரு பிள்ளையைத் தனியே வண்டியில் ஏற்றிச் செல்வதும், இரவில் கைபேசியில் தனிச்செய்தி அனுப்புவதும் கூடாது. இவை பங்குத்தந்தைக்கும் பொருந்தும். அவருக்கே முதலில் பொருந்தும்.

பயிற்சியில் நாம் முக்கியமாகக் கற்க வேண்டியது, கேட்கும் முறை. கடவுள் சொன்னதை ஏலியிடம் சொல்லச் சிறுவன் சாமுவேல் அஞ்சினான். பெரியவரைப் பற்றிய செய்தி. சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயம். அப்போது ஏலி ஒரு நல்ல காரியம் செய்தார். எதையும் மறைக்காதே என்று பையனுக்குத் துணிவு தந்தார். அவன் சொன்னதை ஏற்றுக்கொண்டார்.

ஒரு பிள்ளை நம்மிடம் வந்து திக்கித் திணறிப் பேசும்போது, அதட்டக் கூடாது. துருவித் துருவிக் கேட்கக் கூடாது. “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. “நீ சொன்னது நல்லது, தப்பு உன்மேல் இல்லை” என்று சொல்ல வேண்டும். பிறகு காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கிற காரியம் இது அன்று. பங்குப் பேரவையும் இதில் சமரசம் செய்ய முடியாது. அறிந்தும் தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரையும், தமக்குக் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரையும் சிறைத்தண்டனை உண்டு. பிள்ளையின் பெயரையோ குடும்பத்தையோ ஒருபோதும் வெளியே சொல்லக் கூடாது.

அன்பானவர்களே, ஒரு காலத்தில் இந்த மண்ணில் விடியுமுன் வேன் வந்து சிறுபிள்ளைகளைத் தீப்பெட்டி வேலைக்கு ஏற்றிச் சென்றது. எல்லாருக்கும் தெரியும், ஊர் வழக்கம் என்று எல்லாரும் பேசாமல் இருந்தோம். கேள்வி கேட்கச் சிலர் துணிந்த பிறகுதான் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். கோவிலிலும் அப்படிப்பட்ட மௌனம் இனி வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு யார் கற்பிக்கிறார், எந்த அறையில், எத்தனை மணி வரை என்று எங்களைக் கேளுங்கள். கேட்பது குருவுக்கு அவமரியாதை அன்று. அது உங்கள் உரிமை.

சிறியோரைத் தம் அருகில் அழைத்து அணைத்துக்கொண்ட ஆண்டவரே, அவர்களைக் காக்கும் கண்களையும், அவர்கள் சொல்வதைக் கேட்கும் செவிகளையும் எங்களுக்குத் தாரும். ஏற்கெனவே காயப்பட்டு, இன்னும் யாரிடமும் சொல்லாத பிள்ளைகளுக்கு நீரே துணையாக இரும். ஆமென்.