படைமுகாமில் எழுந்த பசுங்குடியிருப்பு



ஜேர்மனியின் தென்மேற்கு மூலையிலே, கருங்காடு எனப்படும் மலைத்தொடரின் அடிவாரத்திலே, பிரைபேர்க் என்னும் பழைய பல்கலைக்கழக நகரம் உளது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அந்நகரின் தென்புறத்திலிருந்த படைமுகாமொன்றிற் பிரெஞ்சுப் படையினர் தங்கினர். பதினேழாம் நூற்றாண்டிற் கோட்டைகள் அமைத்துப் புகழ்பெற்ற வோபான் என்பாரின் பெயரை அதற்கு இட்டனர். 1992 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியேறவே, ஏறக்குறைய 100 ஏக்கர் நிலம் வெறுமையாயிற்று. நகரிலோ வீட்டுப் பஞ்சம். நகரசபை நிலத்தை வாங்கியது. வேறிடமாயின் அது இரண்டொரு பெருமுதலாளிகளின் கையிற் சேர்ந்திருக்கும்.

இங்கே நடந்தது வேறு. 1994 ஆம் ஆண்டில் ஊரவர் சிலர் கூடி வோபான் மன்றம் என ஒரு சங்கம் நிறுவினர். அடுத்த ஆண்டில் நகரசபையும் அதனை மக்களின் வாயாக ஏற்று, திட்டம் வரையும்போதே அதன் கருத்தைக் கேட்கலாயிற்று. கட்டி முடிந்த பின்னர்க் குறை கூறுதல் எங்கும் உள்ள வழக்கம். சுவர் எழுமுன்னரே கூடியிருந்து வாதாடினர் இம்மக்கள். நிலம் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. சில குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு துண்டை வாங்கித் தமக்கு வேண்டியவாறு மாடிவீடு கட்டிக்கொண்டன. பழைய படைவீடுகள் சில இடிபடாமல் மாணவர்க்கும் வருவாய் குறைந்தோர்க்கும் உறைவிடமாயின. முதிர்ந்த மரங்கள் காக்கப்பட்டன. மழைநீர் குழாய்வழியே ஓடி மறையாது, புல் வளர்ந்த ஆழமற்ற வாய்க்கால்களில் நின்று நிலத்துட் சுவறுமாறு செய்யப்பட்டது.

வாதங்களுள் மிகக் கடுமையானது மோட்டார் வண்டி பற்றியதேயாகும். வீடொன்றுக்கு வண்டித் தரிப்பிடம் ஒன்று அமைத்தே தீரவேண்டுமென மாநிலச் சட்டம் விதித்திருந்தது. காரே இல்லாத குடும்பம், காருக்கு இடங்கட்டப் பெரும்பணம் கொடுப்பதா? இக்கேள்விக்கு அவர்கள் கண்ட விடை சுவையானது. கார் வைத்திருப்போர் குடியிருப்பின் ஓரத்தே கட்டப்பட்ட அடுக்குமாடித் தரிப்பிடத்தில் ஓரிடத்தை விலைக்கு வாங்கவேண்டும். தம் வீட்டு வாசலிற் பொருள்களை ஏற்றலாம், இறக்கலாம். வண்டியை நிறுத்திவைத்தல் ஆகாது. கார் இல்லாதோர் அதனை எழுத்திற் கொடுத்து, தமக்கென அமைந்த சங்கத்திற்குச் சிறுதொகை செலுத்தவேண்டும். அத்தொகையைக் கொண்டு சங்கம் வெற்றுநிலமொன்றைத் தன்வசம் வைத்துக்கொண்டது. என்றேனும் கார்கள் பெருகினால் அங்கே தரிப்பிடம் எழுப்பலாம் என்பது ஏற்பாடு. இவ்வாறு சட்டமும் மீறப்படவில்லை. நிலமும் புல்வெளியாகவே விடப்பட்டது!

இதன் பயனாகத் தெருக்கள் சிறுவரின் விளையாட்டிடமாயின. நம் கிராமத்து ஒழுங்கைகள் ஒருகாலத்தில் இருந்தவாறே என்று சொல்லத் தோன்றுகின்றது. பெரும்பாலோர் துவிச்சக்கரவண்டியிற் செல்கின்றனர். 2006 ஆம் ஆண்டில் திராம்வண்டிப் பாதையும் அங்கே நீட்டப்பட்டது. கொழும்பிலே 1960 ஆம் ஆண்டுடன் மறைந்துபோன வண்டியை அங்கே புதிதாக வரவேற்றனர்! பத்திற்கு ஏழு குடும்பங்களிடம் காரில்லை என்று 2009 ஆம் ஆண்டிற் பத்திரிகைச் செய்தி கூறிற்று.

வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தடித்த காப்புறையும் மூன்றடுக்குக் கண்ணாடி யன்னலும் கொண்ட சில வீடுகளுக்கு, சதுரமீற்றர் ஒன்றிற்கு ஆண்டொன்றுக்கு 15 கிலோவாற்று மணி வெப்பமே போதும். றொல்ப் டிஷ் என்னும் கட்டடக்கலைஞர் அமைத்த 59 வீடுகளோ, கூரை நிறைந்த சூரியத் தகடுகளால் தாம் செலவிடுவதினும் மிகுதியான சக்தியை ஆக்குமாறு வகுக்கப்பட்டவை.

குறையே இல்லையோ என நீங்கள் கேட்கலாம். உண்டு. காரில்லை என எழுதிக்கொடுத்துவிட்டு, உறவினர் பெயரில் வண்டி வைத்திருந்தோர் இருந்தனர். சிலர் அயலூர்த் தெருக்களில் வண்டியை நிறுத்த, அத்தெருவார் முறையிட்டனர். இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு என்பது என் எண்ணம். குடியிருப்பின் நற்பெயர் வளர வளர வீட்டுவிலையும் வளர்ந்தது. ஏறக்குறைய 5,500 பேர் வாழும் அவ்விடத்தில், பழைய படைவீடுகளைக் கேட்டுப்பெற்றோரைப் போன்ற எளிய குடும்பமொன்று இன்று புதிதாகக் குடிபுகுதல் எளிதன்று.