குறும்பும் மொழியும்



அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்பது ஆசிரியர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கொள்கை. கணக்குக்கும் கையெழுத்துக்கும் அது பொருந்தலாம். பேசக் கற்பிக்க வேண்டிய மொழிப் பாடத்திற்கும் அது பொருந்துமா? இவ்வினாவுக்கு எனக்கு விடை தந்தவர்கள் ஜப்பான் நாட்டுச் சிறுவர்கள்.

ஜப்பானியப் பள்ளி என்றதும் ஒழுங்கே நம் நினைவுக்கு வரும். அங்கே பிள்ளைகள் தம் வகுப்பறையைத் தாமே பெருக்கித் துடைக்கின்றனர். பாடம் தொடங்குமுன், அன்றைய முறைக்குரிய மாணவன் குரல் கொடுக்க, அனைவரும் எழுந்து வணங்கி அமர்கின்றனர். ஆயினும், குழந்தைகள் எந்நாட்டிலும் குழந்தைகளே. 2020ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலப் பயிற்சி தொடங்குகிறது. ஆண்டுக்கு 35 பாடவேளைகள். ஒவ்வொன்றும் 45 நிமிடம். கேட்பதும் பேசுவதுமே அங்கு முதன்மை, மதிப்பெண் கிடையாது.

நான் ஓய்வு பெற்றபின் ஓராண்டு அங்கே தங்கியிருந்தபோது, இத்தகைய வகுப்பொன்றில் துணைநின்றேன். ஒருவன் மேசையின்கீழ் ஒளிவான். மற்றொருவன் படஅட்டையைப் பறித்துக்கொண்டு ஓடுவான். வகுப்பாசிரியை அதட்டினால் உடனே அடங்குவர். ஆனால், அந்த அடக்கத்தில் ஒரு கேடும் இருந்தது. அதட்டியபின் வினா எழுப்பினால் எவரும் வாய் திறவார். கூச்சலை அடக்கிய கை, சொல்லையும் சேர்த்தே அடக்கிவிட்டது!

இதற்கொரு வழியை ஹெரால்டு பாமர் என்னும் ஆங்கிலேய அறிஞர் முன்னரே காட்டியிருந்தார். அவர் 1922இல் ஜப்பானுக்கு வந்து, 1936 வரை அந்நாட்டின் ஆங்கிலக் கல்விக்காக உழைத்தவர். செயல்வழியே ஆங்கிலம் கற்பிக்கும் நூலொன்றைத் தம் மகளுடன் சேர்ந்து எழுதி, 1925இல் வெளியிட்டார். ஆசிரியர் கட்டளையிட, மாணவர் அதனைச் செய்துகாட்டுவர். கேட்ட சொல்லின் பொருள் உடலின் வழியே மனத்தில் பதியும். ஓடத் துடிக்கும் கால்களுக்கு இதனினும் ஏற்ற பாடம் உண்டோ?

'எழு', 'திரும்பு', 'கதவைத் தொடு' என்று ஆங்கிலத்தில் கட்டளையிட்டோம். சில வாரங்களில், கட்டளையிடும் பொறுப்பை வகுப்பிலேயே மிகுந்த குறும்புக்காரனிடம் ஒப்படைத்தோம். தோழர்களை ஆட்டிவைப்பதில் அவனுக்கு எல்லையற்ற மகிழ்ச்சி. தெரிந்த சொற்கள் தீர்ந்தவுடன் அவன் என்னிடம் ஓடிவந்து, தவளைபோல் குந்தித் தாவிக் காட்டி, அதற்கு ஆங்கிலச் சொல் கேட்டான். நாங்கள் திணிக்காத சொல்லை அவனே தேடி வந்தான்! கற்றல் என்பது அதுவன்றி வேறென்ன?

மற்றொன்றும் கண்டேன். ஜப்பானிய மொழியில் பெரும்பாலான அசைகள் உயிரொலியில் முடிவன. ஆகவே 'மில்க்' என்னும் சொல் அப்பிள்ளைகள் வாயில் 'மிருக்கு' என்றாகும். 'பஸ்' என்பதைப் 'பஸ்ஸு' என்னும் நமக்கு இது வியப்பன்று. ஆனால் அதைக் கேட்டு எவரேனும் நகைத்துவிட்டால், அக்குழந்தை அன்று முழுவதும் பேசாது. எனவே பிழையைச் சுட்டிக்காட்டாமல், சரியான ஒலியை நாங்களே மீண்டும் இயல்பாகச் சொல்லிவந்தோம். நாளடைவில் அவ்வொலி அவர்கள் நாவிலும் படிந்தது.

ஒழுங்கு வேண்டாவென்று நான் கூறவில்லை. விளையாட்டுக்கும் விதி உண்டு. கை தட்டினால் நிற்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் விதி. அச்சத்தால் வரும் அமைதி வேறு, ஆர்வத்தால் வரும் அமைதி வேறு. அடுத்த கட்டளை யாதோ என்று முப்பது பிள்ளைகள் செவிசாய்த்து நின்ற அமைதியை எந்த அதட்டலும் தந்துவிட இயலாது.

உங்களுள் சிலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். குறும்பு செய்யும் குழந்தையைக் கண்டால், இவனை எப்படி அடக்குவது என்று எண்ணாதீர்கள். இவனுக்கு என்ன வேலை தருவது என்று எண்ணுங்கள். உங்களில் வேற்றுமொழி பேசக் கூசுகிறவர்களும் இருக்கக்கூடும். அந்த எட்டு வயதுச் சிறுவனைப்போல், வேண்டிய சொல்லைத் துணிந்து கேளுங்கள். மொழி வாய் திறப்பவனுக்கே வசப்படும்.