தமிழ் வகுப்பில் மூன்று விநாடி
(தமிழ்ப் பாடசாலை ஆசிரியர் பயிற்சிப் பட்டறைக்கான உரை)



புலம்பெயர் நாடுகளின் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளில் கற்பிப்போர் பலர் தொண்டர்கள். அவர்களது வகுப்பில் அமர்ந்து குறைநிறை கூற எவருக்கும் நேரம் வாய்ப்பதில்லை. ஆகவே, தம்மைத் தாமே கண்காணித்தல் அவர்களுக்கு இன்றியமையாத பயிற்சியாகின்றது.

இலக்கு வகுக்கச் சொன்னால், "இவ்வாண்டு பிள்ளைகளைச் சரளமாகப் பேசவைப்பேன்" என்றே பெரும்பாலும் எழுதப்படுகின்றது. அது விருப்பமேயன்றி இலக்கன்று. அடுத்த சனிக்கிழமை அது எவ்வளவு நிறைவேறியது என்று எண்ணிச் சொல்ல இயலாது.

எண்ணத்தக்க ஒன்றை அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் றோ 1970களில் எடுத்துக்காட்டினார். தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த அவர், வினாவைக் கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஏறத்தாழ 1 விநாடியே காத்திருப்பதைக் கண்டார். அது 3 விநாடிக்கு மேல் நீண்டபோது மாணவர்களின் விடைகள் நீண்டன. விடையே கூறாதோர் குறைந்தனர்.

வாரம் முழுவதும் ஜேர்மன் மொழியிலோ நோர்வேஜிய மொழியிலோ சிந்தித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அந்த 3 விநாடி கூடப் போதாது. அது சொல்லைத் தேடிக்கொண்டிருக்கையிலேயே ஆசிரியர் விடையைக் கூறிவிடுகின்றார். அல்லது முன்வரிசைக் கெட்டிக்காரப் பிள்ளை முந்திக்கொள்கின்றது. "இதற்குத் தமிழ் வராது" என்று பெயர் சூட்டப்பட்ட பிள்ளைகளுள் எத்தனை பேர் உண்மையில் அந்தச் சில விநாடி கிடைக்காதவர்கள்?

செய்யவேண்டியது எளிது. பெற்றோரின் ஒப்புதலுடன் வகுப்பின் 10 நிமிடத்தைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து, வீட்டில் தனியே கேட்கவேண்டும். (தம் குரலைத் தாமே கேட்பது முதன்முறை எவருக்கும் கூச்சமே.) எத்தனை வினாக்கள், அவற்றுள் எத்தனைக்கு 3 விநாடி காத்திருந்தார், எத்தனை பிள்ளைகள் முழு வாக்கியம் பேசினர் என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். முதல் வாரம் இருபது வினாக்களுள் இரண்டுக்கே காத்திருந்தவர், நான்காம் வாரத்திற்குப் பத்து என்று இலக்கு வைக்கலாம். எழுத்தின் பெயரைக் கேட்கும் வினாவுக்குக் காத்திருப்பு வேண்டியதில்லை. "ஏன்", "எப்படி" என்பவற்றுக்கே வேண்டும்.

அக்குறிப்பேடு ஆசிரியருக்கே உரியது. நிர்வாகம் அதற்குப் புள்ளியிடத் தொடங்கினால், நன்றாக நடந்த வகுப்பு மட்டுமே பதிவாகும். உதவி ஆசிரியர்களாகும் இளையோர் இருவர் இணைந்து ஒருவருக்கொருவர் எண்ணிக்கொடுப்பது இன்னும் நன்று.

பெற்றோர் இதே கணக்கை இராச் சாப்பாட்டு வேளையிலும் எடுத்துப் பார்க்கலாம்.