கிடை ஆட்டுக் குட்டிகளும் அமினோ அமில ஊட்டமும்

செம்மறிக் குட்டிகளின் வளர்ச்சியிலும் பருவமடைதலிலும் அமினோ அமிலங்களுக்கு உள்ள பங்கை ஆராயும் இக்கருத்தரங்கு தஞ்சையில் கூடுவது மிகப் பொருத்தமே. சம்பாவும் தாளடியும் அறுவடையாகி, அவற்றின் பின் விதைத்த உளுந்தும் பயறும் களமேறிய கோடையில், இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து கீதாரிகள் ஓட்டிவரும் மந்தைகள் காவிரிப் படுகையின் தரிசுகளில் மேய்ந்து, இரவில் கிடை அமர்ந்து, புழுக்கையாலும் மூத்திரத்தாலும் அடுத்த சாகுபடிக்கு வயலை உரமாக்குகின்றன. நெல்லுக்கு ஊட்டம் தரும் அம்மந்தையின் குட்டிகளுக்கு உரிய ஊட்டம் கிடைக்கிறதா என்பதே இங்கு ஆராயத்தக்க முதல் வினா.

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் லைசின், மெத்தியோனின் முதலியவற்றை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது என்பதால் அவை இன்றியமையா அமினோ அமிலங்கள் எனப்படுகின்றன. அவற்றுள் ஒன்று குறைந்தாலும், ஏனையவை மிகுந்திருந்தும் பயனின்றித் தசை வளர்ச்சி அக்குறையின் அளவிலேயே தடைப்படும். ஆனால் அசைபோடும் விலங்கில் தீவனத்தின் புரதம் நேரே குடலை அடைவதில்லை. அசையூண் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியை அமோனியா வரை சிதைத்து, அதிலிருந்து தம் உடற்புரதத்தை ஆக்கிக்கொள்ள, அந்நுண்ணுயிர்களே பின்னர்ச் சிறுகுடலில் செரித்து ஆட்டுக்குப் புரதமாகின்றன. வைக்கோலைத் தின்றும் ஆடு உயிர்வாழ்வது இதனால்தான்; தூளாகக் கலந்து கொடுக்கும் மெத்தியோனின் பெரிதும் வீணாவதும், சிதையாதபடி மேற்பூச்சிட்ட அமினோ அமிலங்கள் தேவைப்படுவதும் இதனால்தான்.

பருவமடைதல் வயதைக் காட்டிலும் உடல் எடையைச் சார்ந்து நிற்பது. முதிர்ந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை எட்டும் பெட்டைக் குட்டியில், மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸ் சுரக்கும் தூண்டு இயக்குநீர் பிட்யூட்டரி வழியாகச் சூலகத்தை இயக்குகிறது. அர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு அச்சுரப்பில் பங்கு கொள்வது அறியப்பட்டதே. எனினும் அர்ஜினின் ஊட்டினால் குட்டி முந்திப் பருவமடையும் என்று அதைக்கொண்டே முடிவுகட்டுதல் ஆகாது. எரிசக்தி குறைந்த தீவனத்தில் விலையுயர்ந்த அமினோ அமிலமும் எரிபொருளாகவே செலவாகிவிடும்.

டெல்டாவின் தீவனத்தில் குறையும் உண்டு, நிறைவும் உண்டு. நெல் வைக்கோலில் புரதம் மிகக் குறைவு, சிலிக்கா மிகுதி. கடலைப் பிண்ணாக்கில் புரதம் மிகுந்தாலும் லைசினும் மெத்தியோனினும் போதாது. எள்ளுப் பிண்ணாக்கு மெத்தியோனின் மிக்கது, லைசின் குறைந்தது. உளுந்துப் புரதமோ லைசின் மிக்கது, மெத்தியோனின் குறைந்தது. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் இவ்விரண்டும் இம்மண்ணிலேயே விளைகின்றன. அகத்தியும் கல்யாண முருங்கையும் வரப்போரத்திலும் வேலியிலும் தழைக்கின்றன. இத்தீவனங்களின் புரதத்தில் எவ்வளவு அசையூண் இரைப்பையைக் கடந்து குடலை அடைகிறது, பக்குவமாக வறுப்பதால் அவ்வளவு எத்துணை உயர்கிறது என்பனவற்றை அளந்த பின்னரே, விலைக்கு வாங்கும் ஊட்டத்தின் தேவையை வரையறுக்க இயலும்.

1989இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று ஒரத்தநாட்டிலேயே இயங்குவதால், இவ்வாய்வுக்கு வேண்டிய அறிவும் கருவியும் கிடைக்கு அருகிலேயே உள்ளன. பெட்டைக் குட்டி பருவமடையத் தாமதித்தால் கீதாரிக்கு ஓர் ஈற்றின் வருவாய் போகிறது. ஆதலின் ஆய்வாளர்கள் பண்ணைக் கொட்டிலோடு நின்றுவிடாமல், கிடையிலேயே குட்டிகளின் மாதாந்தர எடையையும் முதற் சினைப்பருவத்தையும் தீவனச் செலவையும் ஒருசேரப் பதிந்து, கீதாரி தம் கையிருப்பில் வாங்கத்தக்க ஊட்டத்தைப் பரிந்துரைக்க வேண்டும் என்பதே இவ்வவையின் முன் வைக்கப்படும் வேண்டுகோள்.