வாகன மின்பழுதும் திரும்ப அழைப்பும்

(நுகர்வோர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



காரின் சன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் சுவிட்ச் மிகச் சிறிய பொருள். அதனால் ஒரு கார் எரியக்கூடும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்க மாட்டோம். ஆயினும், 2010 ஜனவரியில் ஹோண்டா நிறுவனம் உலகெங்கும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை இச்சுவிட்சின் பொருட்டே திரும்ப அழைத்தது. அவற்றுள் இந்தியாவில் விற்கப்பட்ட சிட்டி கார்களும் பல்லாயிரம் இருந்தன.

நிகழ்வது இதுதான். கண்ணாடி இறங்கியிருக்கையில் மழைநீர் சுவிட்சினுள் புகுகிறது. நீர் உலர்ந்த பின்னரும் அது விட்டுச்சென்ற படிவு உள்ளே தங்கி, மின்சாரம் கசிய வழியமைக்கிறது. கசிவு சிறிதாகையால் ஃபியூஸ் உருகுவதில்லை. ஆனால் அவ்விடத்தில் வெப்பம் திரண்டு பிளாஸ்டிக் கருகுகிறது. பிரேக் தேய்ந்தால் ஓசை எழும்; மின்பழுதோ பெரும்பாலும் முன்னறிவிப்பின்றியே வருகிறது. ‘வந்தால் பார்த்துக்கொள்வோம்’ என்ற நம் வழக்கமான போக்கு இங்கே உதவாது.

இத்தகைய பழுதுகளுக்காக 2012 ஜூலையில் மோட்டார் வாகன உற்பத்தியாளர் சங்கம் ஒரு விதிமுறையை வகுத்தது. அது அவர்கள் தாமாக ஏற்றுக்கொண்டதே. 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம்தான், 110-ஏ பிரிவின் வாயிலாக, பழுதுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்குமாறு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே இவை பொருந்தும். அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை செல்லக்கூடும்.

மறு ஆண்டே மின்சார ஸ்கூட்டர்களால் சோதனை வந்தது. 2022 மார்ச்சில் வேலூரில் ஸ்கூட்டர் ஒன்று தீப்பற்றியதில் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். ஏப்ரலில் ஓலா 1,441 வாகனங்களையும், ஒக்கினாவா 3,215 வாகனங்களையும் சோதனைக்காகத் திரும்ப அழைத்தன. அவ்வாண்டு டிசம்பர் முதல் மின்கலங்களுக்குக் கடுமையான பாதுகாப்பு விதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன.

சட்டம் உண்டு, ஆனால் அழைப்புக் கடிதம் யாருக்குச் செல்கிறது? பதிவேட்டில் உள்ள பெயருக்குச் செல்கிறது. இடர்ப்பாடு இங்கேதான். என் அண்டைவீட்டுக்காரர் பழைய கார் ஒன்றை வாங்கினார். தரகர் படிவம் 29, 30 இரண்டிலும் பழைய உரிமையாளரின் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்திருந்தார். இரண்டு ஆண்டுகளாகப் பெயர் மாற்றம் நடைபெறவில்லை. அக்காரின் வயரிங் பற்றிய கடிதம் பழைய முகவரிக்குச் சென்றிருக்கிறது. பெற்றவரோ, கார் தம்மிடம் இல்லையே என்று அதைக் கிழித்துப் போட்டுவிட்டார். அவரைக் குறை கூறவும் மனம் வரவில்லை. ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களிலும், வாங்குபவர் 30 நாட்களிலும் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று 50-ஆம் பிரிவு கூறுகிறது. இதனை நாம் வரி, அபராதம் தொடர்பான செய்தியாகவே கருதுகிறோம். உயிர் தொடர்பான செய்தியாகக் கருதுவதில்லை.

வேறொரு தயக்கமும் உண்டு. கூடுதல் விளக்கு, ஹாரன் ஆகியவற்றை வெளியே பொருத்தியவர்கள், வயரைத் துண்டித்து ஒட்டியது தெரிந்துவிடுமே என்று பணிமனைக்குச் செல்ல அஞ்சுகிறார்கள். ஒட்டு வேலை உள்ள வண்டியில்தான் சோதனை மிகவும் தேவை.

ஆகவே, பதிவுச் சான்றில் காணும் 17 இலக்கச் சேஸிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு, அந்நிறுவனத்தின் இணையதளத்திலோ பணிமனையிலோ உங்கள் வண்டிக்கு அழைப்பு உண்டா என்று கேளுங்கள். அழைக்கப்பட்ட பழுதைச் சீராக்கக் கட்டணம் கேட்டால் தர வேண்டாம். உதிரி பாகம் வரவில்லை என்றால், அதுவரை வண்டியை ஓட்டலாமா, வீட்டினுள் நிறுத்தலாமா என்பதை எழுத்தில் பெறுங்கள். எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதை ஜாப் கார்டில் குறிக்கச் செய்யுங்கள். வண்டியை விற்கும்போது அத்தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.

அண்டைவீட்டுக்காரர் சென்ற மாதம் சென்று வந்தார். பெயர் மாற்றத்துக்குத்தான் மூன்று நாட்கள் அலைந்தார். வயரிங் அரை நாளில் முடிந்துவிட்டது.